இருபத்தைந்து இலைகளும் ஒரு சிட்டிகை விதையும்

1648-ஆம் ஆண்டின் இறுதியில் எத்தியேன் தெ ஃப்ளாக்கூர் என்ற பிரெஞ்சுக்காரர் மடகாஸ்கரின் தென்கிழக்கு முனையில் வந்து இறங்கினார். அங்கே ஃபோர் தோஃபேன் என்று ஒரு சின்னக் கோட்டை இருந்தது. அதன் ஆளுநர் பதவி அவருக்கு. பதவி பெரிது, வசதி ஒன்றுமில்லை. முந்தைய ஆளுநருக்கு எதிராகக் கலகம் செய்த சிப்பாய்கள், பசி, காய்ச்சல், பகை கொண்ட அண்டை ஊர்கள். பிரான்சிலிருந்து வரவேண்டிய கப்பல் ஆண்டுக்கணக்கில் வரவில்லை. கடலைப் பார்த்துப் பார்த்துச் சலித்த ஃப்ளாக்கூர், தரையைப் பார்க்கத் தொடங்கினார்.

கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி வைத்தார். தீக்கோழியைப் போல் முட்டையிடும் ஒரு ராட்சதப் பறவை அந்தத் தீவில் இருப்பதாக எழுதினார். யானைப் பறவை என்று பின்னாளில் பெயர் பெற்று, அடியோடு அழிந்துபோன இனம் அது. செடிகளுக்கும் நீண்ட பட்டியல் போட்டார். மல்லிகையை ஒத்த பூ, வெள்ளையிலும் ஊதாவிலும், வேரோ படுகசப்பு. இப்படி ஒரு செடி அந்தப் பட்டியலில் இருந்தது. ஊர் திரும்பி 1658-இல் புத்தகத்தை அச்சிட்டார். இரண்டே ஆண்டுகளில் கடற்பயணம் ஒன்றில் கொள்ளையர் தாக்கி, ஃப்ளாக்கூர் கடலோடு போனார். புத்தகம் பிழைத்தது. அதில் இருந்த கசப்பு வேர்ச் செடியை அடுத்த நூறு ஆண்டுகள் யாரும் தேடவில்லை.

தேடாமலே அது வந்து சேர்ந்தது. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் மடகாஸ்கரிலிருந்து கொஞ்சம் விதை பாரிஸின் அரச தோட்டத்துக்குப் போனது. அங்கிருந்து ஒரு பொட்டலம் லண்டனுக்கு, செல்சி மூலிகைத் தோட்டத்தின் தலைமைத் தோட்டக்காரர் ஃபிலிப் மில்லர் கைக்கு வந்தது. ஐரோப்பாவின் தோட்டக்காரர்களோடெல்லாம் விதை மாற்றிக்கொள்வதில் மில்லர் மன்னன். இந்த விதையையும் கணப்பு போட்ட கண்ணாடிக் குடிலில் விதைத்தார். முளைத்தது, பூத்தது, பூத்துக்கொண்டே இருந்தது. ஸ்வீடனில் உட்கார்ந்து உலகத்துத் தாவரங்களுக்கெல்லாம் பெயர் சூட்டிக்கொண்டிருந்த லின்னேயஸ், 1759-இல் இதற்கும் ஒரு லத்தீன் பெயர் வைத்தார். ஆனால் ஐரோப்பியக் காடுகளில் படர்ந்து கிடக்கும் வேறொரு கொடியின் பேரினத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். ஜார்ஜ் டான் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1830-களில் அதைத் திருத்தும் வரை அந்தத் தப்பு நிலைத்தது. திருத்திய பிறகும் தோட்டக்காரர்கள் கேட்டார்களா என்பது வேறு கதை.

கண்ணாடிக் குடிலில் செல்லமாக வளர்ந்த செடி, வெப்ப நாடுகளில் தெருப்பிள்ளையாகிவிட்டது. கப்பல்கள் போன துறைமுகமெல்லாம் அதன் விதையும் போனது. மேற்கிந்தியத் தீவுகள், பிலிப்பைன்ஸ், இலங்கை, நம்முடைய சோழமண்டலக் கரை. காய் பழுத்துப் பிளந்ததும் கறுப்பு விதைகளை எறும்புகள் இழுத்துப் போயின. மணலில் முளைத்தது, கோட்டைச் சுவர்ப் பிளவில் முளைத்தது, சுடுகாட்டு ஓரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே ஆண்டு முழுக்கப் பூத்தது. ஆடு ஒரு கடி கடித்துவிட்டு விட்டது. மாடு முகர்ந்துவிட்டு நகர்ந்தது. இலைக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் இருந்தன. கசப்பு அவற்றின் காவல் வேலை. ஆடு தொடாததை மனிதன் தொட்டான். ஆப்பிரிக்காவிலும் கரீபியத் தீவுகளிலும் நம் நாட்டிலும் சர்க்கரை நோய்க்கு இலைக் கஷாயம் குடித்தார்கள். இங்கிலாந்தில் வின்குலின் என்று பெயர் போட்டு அதையே மருந்தாக விற்றார்கள். சர்க்கரை குறைந்ததற்குச் சரியான சான்று ஒன்றும் இல்லை. ஆனால் இந்தத் தப்பான நம்பிக்கை மட்டும் இல்லாமல் போயிருந்தால், அடுத்து நடந்த எதுவும் நடந்திருக்காது.

1921, டொரண்டோ. ஃபிரடெரிக் பான்டிங் என்ற மருத்துவர் கணையத்தைக் குடைந்து சர்க்கரை நோய்க்கு மருந்து தேடப் புறப்பட்டார். உதவிக்கு ஒரு மாணவர் போதும். இருந்ததோ இரண்டு பேர்: சார்லஸ் பெஸ்ட், கிளார்க் நோபிள். முதலில் யார் போவது என்று நாணயத்தைச் சுண்டிப் பார்த்தார்கள் என்பது டொரண்டோவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைதான், ஆனாலும் முடிவில் மாற்றமில்லை. பெஸ்ட் வென்றார். இன்சுலின் பிறந்தது. பான்டிங் நோபல் பரிசை வாங்கி, தன் பங்கில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். நாணயம் கைவிட்ட கிளார்க் நோபிள் சாதாரண மருத்துவராக வாழ்ந்து ஓய்வும் பெற்றார். புகழ் இன்னொரு முறை அவர் வீட்டுக் கதவைத் தட்டியது, தபால் உறையின் உருவத்தில்.

1952-இல் ஜமைக்காவிலிருந்து வந்தது அந்த உறை. உள்ளே இருபத்தைந்து இலைகள். அனுப்பியவர் அங்கே வைத்தியம் பார்த்த மருத்துவர் ஜான்ஸ்டன். இன்சுலின் கிடைக்காதபோது சர்க்கரை நோயாளிகள் இந்த இலையைக் காய்ச்சிக் குடிக்கிறார்கள், சோதித்துப் பாருங்கள் என்பது செய்தி. கிளார்க்குக்கு ஆய்வுக்கூடம் கிடையாது. ஆனால் ஒரு தம்பி இருந்தார். ராபர்ட் நோபிள், மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளர். உறை தம்பிக்குப் போனது. அதே 1952-இல், பூமியின் மறுபக்கம், சென்னை அடையாற்றில் ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்கு நேரு அடிக்கல் நாட்டினார். புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பல ஆண்டுகள் போராடி எழுப்பிய கட்டடம். ஒன்டாரியோ உறைக்கும் அடையாற்று அடிக்கல்லுக்கும் தொடர்பிருக்கும் என்று அன்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ராபர்ட் நோபிள் இலைச் சாற்றை எலிகளுக்குப் புகட்டினார். ரத்தத்தில் சர்க்கரை அசையவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம், பலர் விட்டுமிருப்பார்கள். அவர் சாற்றை ஊசி வழியாக உடம்புக்குள் ஏற்றிப் பார்த்தார். அப்போதும் சர்க்கரை அசையவில்லை. ஆனால் ஐந்தாறு நாளில் எலிகள் செத்து விழத் தொடங்கின.

அறுத்துப் பார்த்தால் உள்ளே எங்கும் சீழ்க்கட்டி. சூடோமோனாஸ் என்ற சாதாரணக் கிருமி. நல்ல உடம்போடு இருக்கும் எலி இதைத் தூசு தட்டுவதுபோல் தட்டிவிடும். இந்த எலிகளால் ஏன் முடியவில்லை? ரத்தத்தை எண்ணினார்கள். வெள்ளையணுக்கள் பாதாளத்துக்குப் போயிருந்தன. எலும்பு மஜ்ஜை வெறிச்சோடிக் கிடந்தது. சர்க்கரை மருந்தாக நினைத்தது வெள்ளையணுக்களின் எமன். வெள்ளையணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? ராபர்ட் நோபிள் சர்க்கரையை மறந்தார். அந்த எமனைத் தனியே பிரித்தெடுக்க அவருக்கு ஒரு வேதியியல்காரர் தேவைப்பட்டார்.

1954-இல் சார்லஸ் பியர் வந்து சேர்ந்தார். அதே ஆண்டு அடையாறு மருத்துவமனையும் 12 படுக்கைகளோடு திறந்தது. அங்கே நோயாளிகள் வரத் தொடங்கினார்கள், இங்கே பியர் இலைகளைக் கரைக்கத் தொடங்கினார். எவ்வளவு இலை போட்டாலும் சரக்கு தேறவில்லை. ஜமைக்காவிலிருந்து காய்ந்த இலை வந்தது. பிறகு கனடாக் குளிரிலேயே, கண்ணாடிக் குடிலில், செடிகளை வளர்த்துப் பார்த்தார்கள். மில்லர் செல்சியில் செய்த வேலையை 200 ஆண்டு கழித்து ஆய்வுக்கூடம் ஒன்று திரும்பச் செய்தது. கடைசியில் படிகம் கிடைத்தது. பின்னாளில் வின்பிளாஸ்டின் என்று சுருங்கிய பொருள். 1958-இல் நியூயார்க் அறிவியல் கழகக் கூட்டத்தில் அதை அறிவிக்கப் போனார்கள். நிகழ்ச்சிநிரலின் வாலில் இடம் கொடுத்தார்கள். முறை வந்தபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது, கூட்டம் கலைந்துவிட்டது. கலையாமல் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் திடுக்கிட்டார்கள்.

அவர்கள் எலை லில்லி மருந்துக் கம்பெனிக்காரர்கள். அங்கே கோர்டன் ஸ்வோபோடா என்பவர் நாட்டு மருந்துச் செடிகளை வரிசையாகச் சோதித்துவந்தார். அந்த வரிசையில் இதே செடியும் இருந்தது. புற்று ஏற்றிய சுண்டெலிகள் அதன் சாற்றால் கூடுதல் நாள் உயிரோடு இருந்தன. இரண்டு கூட்டம், ஒன்றையொன்று அறியாமல், ஒரே செடியைப் பிழிந்துகொண்டிருந்தன. போட்டி போட்டுக் காரியத்தைக் கெடுக்காமல் கைகோத்தார்கள். லில்லி கூடம் அதே இலையிலிருந்து இரண்டாவது மருந்தையும் எடுத்தது: வின்கிரிஸ்டின். 1963-இல் அமெரிக்கா அதை அனுமதித்தது. செல் இரண்டாகப் பிளக்கும்போது உள்ளே நூலிழைகள் கட்டி இழுக்கும்; அந்த இழைகளைக் கட்டவிடாமல் தடுப்பது இந்த மருந்துகளின் வேலை. ரத்தப் புற்று வந்த குழந்தை என்றால் சில மாதங்கள்தான் என்றிருந்த காலம். பிரெட்னிசோனோடு சேர்த்து வின்கிரிஸ்டின் கொடுத்தபோது பெரும்பாலான குழந்தைகளுக்கு நோய் பின்வாங்கியது. நோபிளும் பியரும் தங்கள் 1958 கட்டுரைத் தலைப்பிலேயே தற்செயல் அவதானிப்பு என்று போட்டுக்கொண்டார்கள். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவர்களைப் பிடிக்கும். ஆனால் மருந்து கிடைத்ததும் ஒரு புதுச் சங்கடம் முளைத்தது.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குக் காய்ந்த இலை சுமார் 500 கிலோ வேண்டும். வின்கிரிஸ்டினுக்கு அதைவிடப் பன்மடங்கு. தண்ணீர் இல்லாத நிலத்தில், ஆடு மேயாமல், கேட்பாரில்லாமல் வளரும் செடியை மலை மலையாக யார் விளைவிப்பது? விடை ராமநாதபுரத்திலும் தூத்துக்குடியிலும் விருதுநகரிலும் திருநெல்வேலியிலும் இருந்தது. மானாவாரிக் கரிசலிலும் செம்மண்ணிலும் விதையைத் தூவிவிட்டு மழையைப் பார்த்திருந்த சம்சாரிகளுக்கு, சுடுகாட்டுச் செடி பணப்பயிரானது. இலையை உலர்த்தி ஒரு பக்கம், வேரைக் கழுவி இன்னொரு பக்கம், மூட்டை மூட்டையாக அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலேற்றினார்கள். வேரிலிருந்து ரத்த ஓட்டத்துக்கான அஜ்மலிசின் எடுத்தார்கள். லக்னோவின் மத்திய மருத்துவ, நறுமணத் தாவர நிறுவனம் நிர்மல், தவல் என்று ரகங்களே வெளியிட்டது. செடியை எல்லோரும் பிடுங்கினார்கள், பிழிந்தார்கள். பூவை ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பார்க்க அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பதும் உண்மை. முழங்காலைத் தாண்டி நெடுநெடுவென்று போகும் தண்டு, உச்சியில் நாலைந்து பூ, அதுவும் வெள்ளை அல்லது ஊதா கலந்த இளஞ்சிவப்பு. விதைக் கம்பெனிகள் லிட்டில் பிரைட் ஐ போன்ற சில குட்டை ரகங்களை விற்றன. நிறம் மட்டும் நகரவே இல்லை. பெட்டூனியாவிலும் மேரிகோல்டிலும் கம்பெனிகள் கோடி கோடியாகப் பணம் பார்த்த காலத்தில் இதைச் சீண்ட ஆளில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பார்க்கர் என்ற பேராசிரியர் மட்டும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தார்.

வேலை எளிதல்ல. பூவின் நடுக்குழல் ஊசித் துளை. மகரந்தமும் சூலகமுடியும் அதற்குள்ளே ஒளிந்துகொண்டிருக்கும். நீள நாக்குப் பட்டாம்பூச்சிக்குத்தான் வழி. குழலைப் பிளந்து, மகரந்தத்தைத் தொட்டு வைத்து, காய் முற்றக் காத்திருந்து, விதைத்து, பூக்கும்வரை பொறுத்து, பிடிக்காததைப் பிடுங்கிப் போட்டு, மறுபடி தொடங்கவேண்டும். பார்க்கர் தொடங்கித் தொடங்கி ஆண்டுகள் போயின. 1991-இல் அமெரிக்காவின் தேசிய விதைத் தேர்வில் அவருடைய மூன்று ரகங்கள் ஒரே ஆண்டில் பரிசு வாங்கின: பாரசோல், பிரெட்டி இன் பிங்க், பிரெட்டி இன் ரோஸ். பாரசோலின் வெள்ளைப் பூ, நடுவில் சிவப்புக் கண்ணோடு, ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் அகலம் விரிந்தது. செடி குட்டையாக, இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நட்ட பாத்தியை மூடிக்கொண்டது. கதவு திறந்ததும் கம்பெனிகள் பாய்ந்தன. பசிஃபிகா வந்தது, கூலர் வந்தது. பாதாமிப் பழ நிறம், செக்கச் சிவப்பு, திராட்சை நிறம் எல்லாம் பாக்கெட்டுக்குள் வந்தன. நகரப் பூங்காக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி நட்டார்கள். அப்புறம் மழை பெய்தது.

ஒரு வாரத்தில் பாத்திகள் கருகின. தண்டு நுனி கறுத்து, துவண்டு, வெந்த கீரை மாதிரி சாய்ந்தது. ஃபைட்டாப்தொரா என்ற, பூஞ்சையைப் போன்ற கிருமி. ஈர மண்ணில் பதுங்கியிருந்து, மழைத்துளி தெறிக்கும்போது இலைமேல் ஏறும். சுடுகாட்டு மணலில் தண்ணீர் தேங்கியதே இல்லை என்பதால் மூதாதைச் செடிக்கு இந்தப் பகையோடு மல்லுக்கட்டும் அவசியம் வரவில்லை. தெளிப்புநீர்ப் பாசனமும் நெருக்கி நட்ட பாத்தியுமாகக் கொழுத்த வாரிசு வசமாக மாட்டியது. சில நகரங்கள் இந்தச் செடியே வேண்டாம் என்று கைகழுவின. கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்மித் விதைக் கம்பெனி எதிர்த்திசையில் போனது. நாற்றுகளுக்கு வேண்டுமென்றே நோயை ஏற்றியது. சாகிறது சாகட்டும், எது நிற்கிறது என்று பார்த்தது. நின்றவற்றைக் கலந்து பிறந்தது கோரா வரிசை, முதல் தலைமுறைக் கலப்பினம். பான்அமெரிக்கன் கம்பெனியின் டைட்டன் இன்னொரு பக்கம் வந்தது. இரண்டுமே ஒரு முழம் தாண்டாத, புதர்கட்டும் செடிகள். மழைக்குத் தாங்கும் என்ற பெயரோடு அந்த விதை, மழையென்றால் என்னவென்று காட்டக்கூடிய ஓர் ஊருக்கு வந்தது.

தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலை வண்டலூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று போய்க் காட்டாங்குளத்தூரைத் தொட்டது. ஏரியும் வயலுமாக இருந்த ஊராட்சி ஒன்றியத்தில் 1985-இல் பொறியியல் கல்லூரி வந்தது, அது பல்கலைக்கழகமாக வளர்ந்தது, பின்னாலேயே விடுதிகள், அடுக்குமாடிகள், ஒரு சாண் பால்கனிகள். பால்கனி வந்த இடத்தில் தொட்டி வந்தது; தொட்டி வந்த இடத்தில் நர்சரி வந்தது. குடிவந்தவர்கள் இணையத்தில் குளிர்நாட்டு விதைப் பொட்டலங்களை ஆசை ஆசையாக வாங்கினார்கள். ஊசி குத்திய பஞ்சுத்திண்டாகப் பூக்கும் ஸ்கேபியோசா, பின்குஷன் பூ. குளிர்நாடுகளில் வருடக்கணக்காக நின்று பூக்கும் குட்டைச் செடி அது. மார்கழியில் முளைத்து நம்பிக்கை கொடுத்தது, அக்னி நட்சத்திரத்துக்கு முன்பே சருகானது. காட்டாங்குளத்தூர்ச் சித்திரை வெயிலில், மொட்டைமாடிச் சிமெண்டுக்கு மேல், வருடக்கணக்காக நின்று பூக்க வேறொன்று வேண்டியிருந்தது.

குழித்தட்டில் ஈரத் தென்னை நார்க்கழிவை நிரப்பினார்கள். குழிக்கு ஒரு கோரா விதை. கிராமுக்கு 700-க்கு மேல் நிற்கும் பொடி விதை அது. விதைக்கு மேலே மெல்லிய மூடாக்கு, அதற்கும் மேலே கறுப்புப் பாலிதீன் தாள். பல பூவிதைகள் வெளிச்சம் கேட்கும், இது இருட்டுக் கேட்டது. தாளை அவசரப்பட்டு எடுத்தவர்களின் தட்டில் பாதி முளைக்கவில்லை. பொறுத்தவர்களுக்கு ஒரு வாரம், பத்து நாளில் முளை தலைகாட்டியது; தலைகாட்டிய அன்றே தாளை எடுக்காதவர்களுக்கு வெளிறிய நூலாகச் சாய்ந்தது. தண்ணீரை வாரி ஊற்றியவர்களுக்கு நாற்றழுகல். தையில் விதைத்தவை பங்குனியில் பூத்தன. ஐப்பசி அடைமழைக்கு முன் தைரியமாக விதைத்தவர்கள் கோராவின் பெருமையையும் அதன் எல்லையையும் ஒருசேரத் தெரிந்துகொண்டார்கள். தேங்கும் தண்ணீரை எந்தக் கலப்பினமும் வெல்லவில்லை. செங்கல் வைத்துத் தொட்டியைத் தூக்கி வைத்தவர்களின் செடிதான் கார்த்திகையைத் தாண்டியது.

நர்சரிப் பலகையில் வின்கா என்று எழுதினார்கள், லின்னேயஸ் வைத்த அதே தப்பான பெயர். வாங்கிப்போன பாட்டிமார்கள் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்கள்: இது நித்தியகல்யாணி. சுடுகாட்டுமல்லி என்று சொல்லி முகத்தைச் சுளித்தவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இது பட்டிப்பூ. சிவப்பும் பாதாமியுமாகக் குட்டை உருவில் வந்திருந்தாலும், கேட்டோரத்தில் தானாய் முளைத்து யாரும் திரும்பிப் பார்க்காத அதே செடிதான். அடையாற்றில் வின்கிரிஸ்டின் சொட்டுச் சொட்டாக ஏறிய குழந்தைகளின் செடியும் அதுதான். இதை வைத்து யாரும் வீட்டில் கஷாயம் காய்ச்சிவிடக்கூடாது. எலிகளுக்கு நடந்தது மனிதருக்கும் நடக்கும். மருந்து அளவு மில்லிகிராம் கணக்கில், மருத்துவமனை ஊசியில் மட்டுமே.

கலப்பினத்துக்கு ஒரு குணம். அதன் விதையை எடுத்துப் போட்டால் பிள்ளைகள் தாயைப் போல இருக்கவில்லை. அடுத்த பருவத்தில் நர்சரிகளின் தொட்டிகளுக்கு அடியில், எறும்பு இழுத்துப்போட்ட விதைகளிலிருந்து நாற்றுகள் எழுந்தன. ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று வெளிறல். சில தலைமுறைக்குள் பெரும்பாலானவை முழங்காலைத் தாண்டி, ஊதா கலந்த இளஞ்சிவப்பில் நாலைந்து பூவோடு நின்றன. நர்சரிக்காரர்கள் அவற்றுக்கு விலை போடவில்லை. கேட்டவர்களுக்கு, மண்ணோடு பிடுங்கி, சும்மாவே கொடுத்தார்கள்.